வட்டகொடைக்கு ஒரு வாரண்டு

மூன்றாவது தடவையாகக் கோப்பை திரும்பிப் போகிறது. "இது தேத்தண்ணியாங்க? கோப்ப கழுவுன தண்ணிய ஊத்தித் தந்திருக்கீங்க. தேத்தண்ணின்னா தொட்டா கை சுடணும், குடிச்சா நெஞ்சுக்குழி வரைக்கும் எறங்குறது தெரியணும்" என்கிறார் யோகேஸ்வரன். ஹட்டன் கடைவீதியில் அந்தத் தேநீர்க்கடையை நடத்துபவருக்கு இது தினசரிக் கச்சேரி. கோப்பையை வாங்கிக்கொண்டு போய், கேத்தலில் தண்ணீர் மறுபடியும் குமுறும்வரை காத்திருந்து, ஆவி பறக்க ஊற்றிக் கொண்டுவந்து வைக்கிறார். யோகேஸ்வரன் அதை ஊதாமல் குடிக்கிறார். பார்த்துக்கொண்டிருக்கும் நமக்குத்தான் நாக்கு பொசுங்குகிறது.

வாசலை ஒட்டிய மேசைதான் அவர் இடம். அங்கே உட்கார்ந்தால் எதிரே நிறுத்தியிருக்கும் அலுவலக டபள் கேப் வண்டி முழுசாகக் கண்ணில் படும். அரசாங்க அலுவலகம் ஒன்றின் சாரதி அவர். ஐம்பதைத் தாண்டிய வயது, நரைத்த மீசை, மழையானாலும் வெயிலானாலும் முழங்கைவரை சுருட்டிவிட்ட அதே காப்பிக்கலர் சுவெட்டர். வண்டியில் ஏறுமுன் நாலு டயரையும் செருப்புக் காலால் ஒரு தட்டுத் தட்டுவார். இறங்கியதும் இன்னொரு தட்டு. முதலாவது விசாரிப்பாம், இரண்டாவது நன்றியாம். மேலதிகாரி காத்திருந்தாலும் சரி, மழை கொட்டினாலும் சரி, இந்த மரியாதை முடியாமல் வண்டி நகராது.

உலகத்தில் எதையும் தூரத்தால் அளப்பது அவர் வழக்கம். அதுவும் மைல் கணக்கில். கிலோமீட்டர் என்பது பாதையோரக் கல்லில் எழுதுவதற்காக யாரோ கண்டுபிடித்த சமாசாரம் என்று நினைக்கிறார். செருப்புக் கடைக்குப் போனால் விலையைக் கேட்பதற்கு முன்னால், "இது எத்தன மைல் ஓடும்?" என்பார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "ஹட்டன்ல இருந்து மஸ்கெலியாவுக்கு வந்திருக்கோம், வடை ஒன்னுதானா?" என்று பரிமாறுகிறவரை நிறுத்திவைப்பார். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே ஒரு வடைதான் என்று சொன்னால், "அவரு மஸ்கெலியாக்காரருப்பா" என்பார்.

சாமி விஷயத்திலும் இதே கணக்குத்தான். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் மாரியம்மன் கோவில் இருக்கிறது. அங்கே மணி அடித்தால் இவர் வீட்டுச் சமையலறையில் கேட்கும். ஆனாலும் ஒரு வேண்டுதல் என்று வந்தால் கதிர்காமத்துக்கோ முன்னேஸ்வரத்துக்கோதான் நேர்ந்துகொள்வார். "பக்கத்துல இருக்க சாமி நம்மள தெனம் பாக்குது. நம்ம லச்சணம் அதுக்கு நல்லாத் தெரியும். தூரத்து சாமிகிட்டதான் கொஞ்சம் கவுரவமா பேசலாம்" என்று விளக்கமும் வைத்திருக்கிறார்.

இப்படிப்பட்டவர் கையில் அரசாங்கம் ரயில் வாரண்டைக் கொடுத்துவைத்திருக்கிறது. அரசாங்க ஊழியர்கள் குடும்பத்தோடு விடுமுறைப் பயணம் போய்வர, ஆண்டுக்குச் சில தடவை கிடைக்கும் இலவசச் சீட்டு அது. எங்கிருந்து எங்கே என்று அலுவலகத்தில் எழுதி வாங்கி, ரயில் நிலையக் கவுண்டரில் நீட்டினால் காசில்லாமல் டிக்கட் கிடைக்கும். அடுத்த ஊருக்கு எழுதினாலும் ஒரு வாரண்டு போகும், நாட்டின் மறுகோடிக்கு எழுதினாலும் அதே ஒரு வாரண்டுதான் போகும். ஆண்டு முடிந்தால் மிச்சமிருப்பது செல்லாது. இதில் அடுத்த ஊருக்கு எழுதலாம் என்கிற பேச்சைக் கேட்டாலே யோகேஸ்வரனுக்கு உடம்பு கூசும்.

அலுவலகத்தில் யாராவது வாரண்டு எழுதப்போகிறார்கள் என்றால் அவரைக் கேட்காமல் எழுத முடியாது. அவர் கேட்கவைத்துத்தான் மறுவேலை பார்ப்பார். கிளார்க் துஷாந்துக்குப் புதிதாகக் கல்யாணம் ஆனபோது, பெண்ணுக்கு நுவரெலியா வாவியில் படகில் போக ஆசை. நுவரெலியாவுக்கு இறங்குகிற ஸ்டேசனான நானுஓயாவுக்கு எழுதலாம் என்று துஷாந்த் வாயெடுத்ததுதான் தாமதம். "நானுஓயாவுக்கா? டபள் கேப்ப எடுத்துட்டுப் போயி ஒரு கட்டு கொத்தமல்லி வாங்குவியா நீ? எழுது, காங்கேசன்துறைக்கு எழுது!" புதுமணத் தம்பதி நாட்டின் வடகோடியிலுள்ள காங்கேசன்துறைக்குப் போனார்கள். விடுமுறையில் பாதி போகிற வழியில் தீர்ந்தது, மீதி வருகிற வழியில் தீர்ந்தது. "எங்க ஹனிமூன்னு சொன்னா எனக்கு மதவாச்சி ஸ்டேசன்தான் ஞாபகத்துக்கு வருது" என்று அந்தப் பெண் இன்றைக்கும் சொல்கிறாள்.

நிரோஷன் என்கிற இன்னொருவரைக் குடும்பத்தோடு தலைமன்னாருக்கு அனுப்பிவைத்தார். அவர்கள் அங்கே காற்றையும் கழுதைகளையும் பார்த்துவிட்டு, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைப் பிளாட்பாரத்திலேயே சாப்பிட்டுவிட்டு, வந்த ரயிலிலேயே திரும்பினார்கள். அலுப்பாகத்தான் இருந்தது என்று நிரோஷன் ஒத்துக்கொண்டார். ஆனாலும் வாரண்டு வீணாகவில்லை என்பதில் அவருக்கும் ஒரு திருப்தி. யோகேஸ்வரன் பேச்சில் அப்படி ஒரு வசியம் உண்டு.

அவர் தன் வாரண்டில் எங்கெங்கே போயிருக்கிறார் என்று மட்டும் கேட்டுவிடக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொழும்புக்கு ஒரு தடவை போனதோடு சரி. அதன்பிறகு ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் "இந்த வருசம் காங்கேசன்துறைதான்" என்று அறிவிப்பார். மழை வந்து எங்காவது மண் சரியும், வண்டி போகவேண்டியிருக்கும். அமைச்சர் வருவார், வண்டி போகவேண்டியிருக்கும். டிசம்பர் வந்து, வாரண்டும் காலாவதியாகிவிடும். "வீணாப் போச்சேண்ணே" என்று துஷாந்த் இரக்கப்பட்டால், "வீணாப் போகல, செலவழிக்கல. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு தம்பி" என்று சுவெட்டர் கையை இன்னும் ஒரு சுருட்டு மேலே ஏற்றுவார்.

இந்த ஞானத்தையெல்லாம் வீட்டில் தாங்கிக்கொண்டிருப்பவர் அவர் மனைவி இந்திராதேவி. பிள்ளைகள் இருவரும் கொழும்பில் வேலைக்குப் போய்விட்டதால், கேட்பதற்கு வேறு ஆளும் இல்லை. இந்திராதேவிக்கு ஒரு குறை: பஸ் ஒத்துக்கொள்ளாது. பஸ் என்றில்லை, மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஓடுகிற எதுவும் ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்த்தார், தோடம்பழத் தோலைப் பிழிந்து பார்த்தார், முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். ஒருமுறை யோகேஸ்வரன் சிநேகிதரின் வேனை இரவல் வாங்கி, "எங்கையில ஸ்டியரிங் இருந்தா ஒனக்கு வாந்தி வராது, பாரு" என்று சவால் விட்டு ஓட்டிப் போனார். கொட்டகலை தாண்டுவதற்குள் வேனைக் கழுவவேண்டியதாகிவிட்டது. தன் ஓட்டத்தில் தன் மனைவியே வாந்தி எடுத்த அந்த அவமானம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. அதைப்பற்றி வீட்டில் பேச்சே கிடையாது.

ரயில் மட்டும் இந்திராதேவிக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் அதனால் என்ன பயன்? உலகத்தில் அவர் போக ஆசைப்படுகிற ஒரே இடம் வட்டகொடை. ஹட்டனிலிருந்து கொட்டகலை, தலவாக்கலை, அதற்கடுத்தது வட்டகொடை. ஸ்டேசனுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் அவருடைய ஒரே அக்கா ராசம்மா இருக்கிறார்.

முன்பெல்லாம் ராசம்மாதான் வருவார். மாதம் ஒருமுறை பஸ் பிடித்து, வீட்டுத் தோட்டத்துக் கோவா, லீக்ஸ் என்று மரக்கறிகளைப் பையில் அடைத்துக்கொண்டு, தங்கச்சி வீட்டுக்கு வந்து பகல் முழுக்கப் பேசிவிட்டுப் போவார். போன வருஷம் கொழுந்து பறிக்கும்போது ஈர மலையில் வழுக்கிவிழுந்து கால் முறிந்தது. ஆஸ்பத்திரியில் தகடு வைத்துக் கட்டினார்கள். இப்போது கம்பு ஊன்றி மெதுவாக நடக்கிறார், ஆனால் பஸ்ஸின் உயரமான படியில் அந்தக் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. ஆக, அக்காவால் பஸ்ஸில் ஏறமுடியாது, தங்கச்சியால் பஸ்ஸில் இருக்கமுடியாது. இருவருக்கும் மிஞ்சியது டெலிபோன்தான். ராசம்மாவிடம் இருப்பது பட்டன் போன். சாயந்தரம் சமைக்கும்போது இந்திராதேவி தன் போனை ஸ்பீக்கரில் போட்டு அரிசி அளக்கும் தகரப் பேணிமேல் சாய்த்துவைப்பார். "ஒன் சத்தம் கேக்குது, மூஞ்சி தெரிய மாட்டேங்குதே இந்திரா" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்.

"என்னாங்க, வட்டகொடைக்கு ஒரு வாரண்டு எழுதுங்களேன்" என்று இந்திராதேவி முதல் தடவை கேட்டபோது யோகேஸ்வரன் சிரித்துவிட்டார்.

"வட்டகொடைக்கா! வாரண்டா! ஏறி ஒக்காந்து மூச்சு விடுறதுக்குள்ள வந்துருமே. ஆபீஸ்ல கேட்டா வழிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க."

"அப்ப டிக்கட் எடுத்துப் போவம். சின்னக் காசுதானே."

"வாரண்டு கையில இருக்கப்போ காசு குடுத்து டிக்கட் எடுக்கிறவன் மடையன் இந்திரா."

"அப்ப நானாவது தனியா டிக்கட் எடுத்துப் போயிட்டு வர்றேன்."

"கவர்மென்ட் டிரைவர் பொண்டாட்டி டிக்கட் எடுத்துத் தனியாப் போறான்னு ஊர் சொல்லணுமா?"

விஷயம் இவ்வளவுதான். வாரண்டு எழுதினால் வாரண்டுக்கு அவமானம், டிக்கட் எடுத்தால் அவருக்கு அவமானம். அடுப்படியில் நின்று பார்த்தால் இது சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். இந்திராதேவிக்கும் தெரிந்தது. ஆனால் சண்டை போட்டு ஜெயிக்கிற சுபாவம் அவருக்கு இல்லை. "இந்த ஞாயித்துக்கெழம பாப்பம்க்கா" என்று போனில் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயத்தின்மேல் பழி போடுவார். ஞாயிற்றுக்கிழமைகள் வந்து வந்து போயின.

டிசம்பர் பிறந்த ஒரு சாயந்தரம். யோகேஸ்வரன் முன்கட்டில் உட்கார்ந்து சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அரிசிப் பேணிமேலிருந்து ராசம்மாவின் குரல் வந்தது.

"வர்றதா இருந்தா வா இந்திரா. இல்லன்னா வர்றேன்னு சொல்லாத. நீ சொல்ற ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நான் ஸ்டேசன்ல போயி ஒக்காந்துட்டுத்தான் வர்றேன்."

பிரஷ் அப்படியே நின்றது. அந்தக் காலோடு, கம்பு ஊன்றி, லயத்திலிருந்து ஸ்டேசன்வரை இறங்கி, பிறகு ஏறி. அது எத்தனை மைல் என்று அவர் மனம் தன்னையறியாமல் கணக்குப் போட்டது. மைல்கூட இல்லை, கால் மைல் இருந்தால் அதிகம். அந்தக் கால் மைல் அவரை என்னவோ செய்தது. அன்றைக்குச் சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று கூட அவர் சொல்லவில்லை. உப்பு உண்மையாகவே குறைவு.

உடனே வட்டகொடைக்கு எழுதிவிட்டார் என்று நினைத்தால் நமக்கு யோகேஸ்வரனைத் தெரியவில்லை என்று அர்த்தம். விடிந்ததும் முகமெல்லாம் மலர அடுப்படிக்கு வந்தார். "பதுளைக்கு எழுதுறோம், வட்டகொடையில எறங்குறோம்! லைன் முடியிற எடம் வரைக்கும் டிக்கட். நடுவுல எங்க எறங்குனா எவன் கேக்கப் போறான்? வாரண்டுக்கும் மரியாத, அக்காவுக்கும் மரியாத. எப்புடி?" இந்திராதேவிக்கு இதில் பாதி விளங்கவில்லை. வட்டகொடையில் இறங்குகிறோம் என்பது விளங்கியது. அது போதும் என்று, கையோடு அக்காவுக்குப் போன் போட்டார்.

கவுண்டரில் யோகேஸ்வரன் வாரண்டை நீட்டி, பதுளைக்குப் போகிற நல்ல கோச்சியில், நல்ல சீட்டாகத் தரச்சொன்னார். அங்கே வட்டகொடை என்ற பெயரை அவர் வாயில் எடுக்கவே இல்லை. எடுத்தால், அப்படியானால் வட்டகொடைக்கே எழுதியிருக்கலாமே என்று கவுண்டர்க்காரர் கேட்டுவிடுவாரே என்ற பயம். அவரும் கேட்டபடியே நல்ல கோச்சியில், எக்ஸ்பிரஸ் ரயிலில், ஜன்னலோரமாக இரண்டு சீட்டுக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை இந்திராதேவி மயில்கழுத்து நிறத்தில் சேலை கட்டியிருந்தார். மடியில் அக்காவுக்குப் பிடித்த மஸ்கட் அல்வாப் பெட்டி. ரயில் ஹட்டனை விட்டுச் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் பெட்டி முழுக்க இருட்டி, இளவட்டங்கள் எல்லாம் 'ஹூ' என்று கத்தத் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்தில் மிகப் பக்கத்தில் ஒரு 'ஹூ' கேட்டது. வெளிச்சம் வந்தபோது இந்திராதேவி ஒன்றும் தெரியாதவர்போல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். யோகேஸ்வரனுக்குச் சந்தேகமே இல்லை, கத்தியது மனைவிதான். இத்தனை வருஷ வாழ்க்கையில் அந்தச் சத்தத்தை அவர் கேட்டதில்லை.

தலவாக்கலையில் வடை வாங்கினார்கள். எதிர்ச் சீட்டுக்காரரிடம் வாரண்டை எப்படிப் பயன்படுத்தவேண்டும் என்று யோகேஸ்வரன் பாடம் நடத்தினார். பதுளை டிக்கட்டை எடுத்துக் காட்டவும் தவறவில்லை. அருவி தெரிந்தது, தேயிலைச் சரிவெல்லாம் வெயிலில் பளபளத்தது. ரயில் வேகம் குறைந்ததும் எழுந்து பையை எடுத்துக்கொண்டார். "வட்டகொட வருது. வா, வா, கதவுகிட்ட வந்து நில்லு."

ரயில் வேகத்தைக் குறைத்தது உண்மைதான். அது ஒற்றைத் தண்டவாளப் பாதை. நிற்காத ஸ்டேசனிலும் மெதுவாகப் போய், பிளாட்பாரத்தில் நிற்கிற ஊழியர் நீட்டுகிற வளையத்தை எஞ்சினில் இருப்பவர் வாங்கிக்கொண்டால்தான் மேலே போகலாம். தண்டவாளத்துக்குப் பக்கத்து ரோட்டில் காலமெல்லாம் வண்டி ஓட்டிய யோகேஸ்வரனுக்கு இது தெரியாது.

பிளாட்பாரத்து பெஞ்சில் ராசம்மா உட்கார்ந்திருந்தார். எண்ணெய் வைத்து வாரிய தலை, கையில் கம்பு, பக்கத்தில் துவாய்த் துண்டில் சுற்றிய போத்தல். ரயிலைக் கண்டதும் எழுந்தார். கதவருகில் தங்கச்சியைக் கண்டதும் முகம் முழுக்கச் சிரிப்பு. "இந்திரா! இந்திரா!" என்று ஒரு கையில் கம்பும் மறு கையில் போத்தலுமாகப் பெட்டியோடு சேர்ந்து நடந்தார். அது நிற்கும் என்று நம்பி நடந்தார். நடை ஓட்டமாக மாறியது. அந்தக் காலோடு, நாலைந்து எட்டு, விந்தி விந்தி ஓடினார்.

"நிக்கலையே... என்னாங்க, நிக்கலையே!"

யோகேஸ்வரன் கதவுக்கு வெளியே கையை நீட்டி, பஸ்ஸைத் தட்டி நிறுத்துவதுபோல் ரயில் பெட்டியின் பக்கவாட்டில் படார் படாரென்று அடித்தார். ஒரு எக்ஸ்பிரஸ் ரயிலைத் தட்டி நிறுத்தப் பார்த்தார் அந்த மனிதர். "வட்டகொட நவத்தன்னே நே" என்று பின்னால் நின்ற சிங்களப் பெரியவர் அவர் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார். வட்டகொடையில் நிற்காதாம். ரயில் வேகம் எடுத்தது. பிளாட்பாரமும் பெஞ்சும் ராசம்மாவும் வளைவில் மறைந்தார்கள்.

அதன்பிறகு நானுஓயா வரும்வரை இந்திராதேவி மஸ்கட் பெட்டியை மடியில் வைத்து, ஜன்னலில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். ராசம்மாவின் போனுக்கு அடித்துப் பார்த்தார் யோகேஸ்வரன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவசரத்தில் வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார். எதிர்ச் சீட்டுக்காரர் நல்ல மனுஷன், தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

நானுஓயாவில் ரயில் நின்றதும் இந்திராதேவி முதல் ஆளாக இறங்கினார். யோகேஸ்வரன் படியில் நின்றபடி, "பதுளை வரைக்கும் சீட்டு இருக்கு..." என்று ஆரம்பித்தார். பழக்கதோஷம். மனைவி திரும்பிப் பார்த்தார்.

"அக்கா ஓடி வந்தாங்க. அந்தக் காலோட ஓடி வந்தாங்க."

அவ்வளவுதான் சொன்னார். யோகேஸ்வரன் இறங்கிவிட்டார். காலி சீட்டு இரண்டைச் சுமந்துகொண்டு ரயில் பதுளைக்குப் போனது. அதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டார்கள். "ஆட்டோவுலயே போவம்" என்றார் இந்திராதேவி. வாந்தியோ மயக்கமோ, வருவது வரட்டும் என்கிற முகம். அந்த ரோட்டின் ஒவ்வொரு வளைவும் யோகேஸ்வரனுக்குத் தெரியும். "வேணாம் இந்திரா. அக்கா முன்னுக்கு நீ தொவண்டு போயி நிக்கவேணாம். கோச்சியிலயே போவம். இந்தத் தடவ கேட்டுட்டு ஏறுவம்" என்றார். கேட்டார். கீழே போகிற எல்லா ரயில்களைப்பற்றியும் கேட்டார். எது எங்கே நிற்கும் என்று கேட்டார். வட்டகொடையில் நிற்கிற ரயில் மாலையில்தான் வரும் என்றார்கள்.

கவுண்டர் வரிசையில் போய் நின்றார். முறை வந்ததும் பணப்பையைத் திறந்து, பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிறமாதிரி, "வட்டகொடைக்கு ரெண்டு" என்றார். பையில் பதுளை டிக்கட் இரண்டு பத்திரமாக இருந்தது. அவருடைய சொந்தச் சட்டப்படி, அன்று இந்த நாட்டில் மடையர்கள் தொகையில் ஒன்று கூடியது.

காத்திருந்த நேரத்தில் பனிமூட்டம் இறங்கி ஸ்டேசனை மூடியது. மாலை ரயில் மெதுவாக இறங்கிப் போகையில் அக்காவிடம் சொல்வதற்கு யோகேஸ்வரன் மனதுக்குள் ஒரு பேச்சுத் தயார் செய்தார். நானுஓயாவுக்குப் போய்த் திரும்பியதில் இத்தனை மைல் கூடுதலாகச் சுற்றிப்பார்த்தோம், நல்லதாகத்தான் போயிற்று என்று சிரிப்புமூட்டுகிற பேச்சு. இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், நன்றாகவே வந்தது. இந்திராதேவி மட்டும் கதவருகில் போய் நின்றுகொண்டார். வட்டகொடை வர இன்னும் நேரம் இருந்தது.

அதே பெஞ்சில் ராசம்மா உட்கார்ந்திருந்தார்.

ரயில் நின்றது. முழுசாக, ஒழுங்காக, அசையாமல் நின்றது. இந்திராதேவி இறங்கி ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டார். மஸ்கட் பெட்டி இருவருக்கும் நடுவில் நசுங்கியது. இருவரும் அழுதார்கள், பிறகு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். மறுபடியும் அழுதார்கள்.

"இவ்வளவு நேரம் இங்கயா இருந்தீங்க? வீட்டுக்குப் போயிருக்கலாமேக்கா!"

"அந்த ஸ்டேசன்காரரும் அதத்தான் சொன்னாரு. நான் ஏன் போறேன்? மேல போன கோச்சி கீழ வந்துதானே ஆகணும்?" என்றார் ராசம்மா. பிறகுதான் பையோடு தள்ளி நின்றவரைப் பார்த்தார். "வாங்க தம்பி. ஏன் அங்கயே நிக்கிறீங்க? இப்புடி வந்து ஒக்காருங்க."

யோகேஸ்வரன் வந்து உட்கார்ந்தார். தயாராக வைத்திருந்த பேச்சுக்கு இதுதான் நேரம். வாயைத் திறந்தார். ராசம்மாவின் சேலைக் கரையில் காலையில் பட்ட சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அந்தப் பேச்சை விட்டுவிட்டு, பையைக் காலடியில் இறக்கிவைத்தார்.

ராசம்மா துவாயை அவிழ்த்துப் போத்தலை எடுத்தார். கொழுந்து பறிக்க மலைக்குக் கொண்டுபோகிற மாதிரி போத்தலில் ஊற்றி, சுடச்சுட இருக்கட்டும் என்று துவாய் சுற்றி, காலையில் தங்கச்சிக்கும் தம்பிக்குமாகக் கொண்டுவந்த தேநீர். பையிலிருந்து சின்னக் கோப்பையை எடுத்துத் தங்கச்சிக்கு ஊற்றிக் கொடுத்தார். இந்திராதேவி குடித்து முடித்ததும் போத்தலை மூடப்போனார்.

"ஒங்களுக்கு வேணாம் தம்பி. பச்சத்தண்ணியா ஆறிப் போச்சு. ஒங்களப்பத்தித்தான் தெரியுமே. வீட்டுக்குப் போனதும் கொதிக்கக் கொதிக்க ஊத்தித் தர்றேன்."

யோகேஸ்வரன் கையை நீட்டிக் கோப்பையை வாங்கினார். ராசம்மா தயங்கித் தயங்கி ஊற்றினார். அவர் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். சுவெட்டர் நுனியால் மீசையைத் துடைத்துக்கொண்டு, கோப்பையை மறுபடியும் நீட்டினார்.